ஜூரி அழைப்பு வந்திருக்கிறது: இழுப்பறையில் வைத்துவிடலாமா?

கேள்வி:

மதிப்புக்குரிய சட்டத்தரணி அம்மாவுக்கு வணக்கம். நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருபது வருடமாக வசிக்கிறேன். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் நிரந்தர வேலை. போன வாரம் ஸ்நேர்ஸ்புரூக் கிரவுன் கோர்ட்டுக்கு ஜூரியாக வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு வாரம். அதே நாட்களில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் போக டிக்கெட் எடுத்துவிட்டோம். என் கணவர், “உனக்கு ஆங்கிலம் வராது என்று எழுதிவிடு, இல்லையென்றால் கடிதமே வரவில்லை என்று இருந்துவிடு” என்கிறார். என் ஆங்கிலம் வேலைக்குப் போதும். கோர்ட்டுக்குப் போதுமா என்று தெரியவில்லை. கொழும்பில் என் அண்ணன் மேல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வழக்கு இருந்தது. வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தோம். இன்றைக்கும் கோர்ட் வாசல் என்றால் எனக்குக் கை நடுங்கும். ஒருவரைச் சிறைக்கு அனுப்பிய பாவம் எனக்கு வேண்டாம். கூண்டில் நிற்பது நம்முடைய பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது? தீர்ப்பைப் பிழையாகச் சொல்லிவிட்டால் நாளைக்கு என்னைப் பிடிப்பார்களா? போகாமல் இருக்க வழி உண்டா?

— வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

இந்த அழைப்புக்குப் பதில் அனுப்ப உங்களுக்கு இருப்பது ஏழு நாட்கள். ஆகவே உடனே செய்யவேண்டியதைத் தனிக் கடிதமாக முன்பே உங்களுக்கு எழுதிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது மற்றவர்களுக்காகவும்தான். கிரவுன் கோர்ட் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பன்னிரண்டு பொதுமக்கள்தான் ஜூரி, அவர்களில் ஒருவர் ஜூரர். இதே கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, அது தானாக மறைந்துபோகும் என்று காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கிலாந்தில் குறைவில்லை. அவர்களில் சிலர் என்னிடம் வருவது அடுத்த கடிதம் வந்த பிறகு. அந்தக் கடிதத்தில் அபராதத்தைப் பற்றிப் பேச்சு இருக்கும்.

உங்கள் கணவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அழைப்புக்குப் பதில் அனுப்பாமல் இருந்தாலோ, குறித்த நாளில் போகாமல் இருந்தாலோ 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். தப்பிப்பதற்காகப் பொய்க் காரணம் எழுதுவதும் தனிக் குற்றம். பதினைந்து பேரின் மருந்துப் பட்டியலைப் பார்த்து மாத்திரை கொடுத்து, கையெழுத்துப் போட்டு, டாக்டரிடம் தொலைபேசியில் பேசுகிற ஒருவர் “எனக்கு ஆங்கிலம் தெரியாது” என்று அரசாங்கத்துக்கு எழுதுவதை என்னால் பரிந்துரைக்க முடியாது. சட்டத்தை விடுங்கள், அது உங்களுக்கே மரியாதை இல்லை.

உங்களை ஏன் கூப்பிட்டார்கள் என்று யோசித்திருப்பீர்கள். யாரும் உங்களைக் குறிவைக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் இருக்கிற, 18 முதல் 75 வயது வரையுள்ள எவரையும் கணினி குலுக்கல் முறையில் எடுக்கும். பதின்மூன்று வயதுக்குப் பிறகு ஐந்து ஆண்டாவது இந்த நாட்டில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சென்னையிலிருந்து வேலை விசாவில் வந்து, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் வாக்காளராகப் பதிவு செய்திருந்த ஒரு பொறியாளர், “நான் இந்த நாட்டுக் குடிமகனே இல்லை, இது மோசடிக் கடிதமாக இருக்கும்” என்று என்னிடம் கொண்டுவந்தார். மோசடி இல்லை. அவர் போனார். சிறைத்தண்டனை பெற்றவர்கள், பிணையில் இருப்பவர்கள் போன்ற சிலரை மட்டும் சட்டமே விலக்கி வைக்கிறது. 2004ஆம் ஆண்டுக்கு முன்பு வழக்கறிஞர்கள், போலீஸார், பாதிரியார்கள் யாரும் ஜூரியில் உட்கார முடியாது. டாக்டர்கள் கேட்ட மாத்திரத்தில் விலகிக்கொள்ளலாம். அந்தச் சலுகைகளெல்லாம் போய்விட்டன. அதனால்தான் என்னையும் ஒருமுறை கூப்பிட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

நல்லூர்த் திருவிழாவை விட வேண்டியதில்லை. முன்பே பயணம் ஏற்பாடு செய்திருப்பது தேதியைத் தள்ளிவைக்க ஏற்றுக்கொள்ளப்படுகிற காரணம்தான். பதில் படிவத்தில் தள்ளிவைப்புக் கோரும் பகுதி இருக்கும். டிக்கெட் எடுத்த விவரத்தை அதில் எழுதுங்கள். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் உங்களுக்கு எந்த நாட்கள் ஒத்துவராது என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: தள்ளிவைப்பு ஒருமுறைதான். ஆகவே “இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம்” என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். வீட்டில் பிள்ளைகளுக்குப் பரீட்சை எப்போது, வேலையிடத்தில் ஆள் குறைவாக இருக்கும் மாதம் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மேலாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். முழுவதுமாக விலக்கு கேட்பது வேறு விஷயம். கடந்த இரண்டு ஆண்டில் ஜூரியாக இருந்தவர், கடும் நோயாளி, வீட்டில் இருக்கும் நோயாளியை விட்டு நகர முடியாதவர் போன்றவர்களுக்கு அது கிடைக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அதற்குக் கடைசிப் பகுதியில் வருகிறேன்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கணவரின் யோசனைக்குப் பின்னால் அதுதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த இரண்டு வாரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று முதலாளிக்குக் கட்டாயம் இல்லை. சிலர் கொடுக்கிறார்கள், பலர் கொடுப்பதில்லை. கொடுக்காவிட்டால் நீதிமன்றம் சம்பள இழப்பை ஓரளவு ஈடுசெய்யும். முதல் பத்து நாட்களுக்கு நாளொன்றுக்கு 64.95 பவுண்டு என்றுதான் அந்த உச்சவரம்பு பல ஆண்டுகளாக இருந்துவந்தது. உங்களுக்குப் பொருந்தும் தொகை அழைப்போடு வரும் குறிப்பில் இருக்கும். முழுநாள் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு அது நிச்சயம் நட்டம்தான். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தம் இல்லை. சம்பள இழப்புப் படிவத்தை வேலையிடத்தில் நிரப்பி வாங்கி முதல் நாளே கொண்டுபோங்கள். ரயில் கட்டணமும் சாப்பாட்டுக்கு ஒரு சிறு தொகையும் தருவார்கள். ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டு நீக்கினால் அது நியாயமற்ற பணிநீக்கம் என்று வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. இரவு ஷிஃப்ட் இருந்தால் அந்த இரண்டு வாரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இரவெல்லாம் விழித்துவிட்டு வந்து பகலில் இன்னொருவருடைய வழக்கைக் கேட்க முடியாது.

இனி ஆங்கிலம். ஒரு ஜூரரின் ஆங்கிலம் போதுமா என்று சந்தேகம் வந்தால், நீதிபதியே பார்த்து முடிவு செய்து அவரை அனுப்பிவிடலாம். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது உங்களைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. சாட்சி சொல்வதைப் பின்தொடர முடியாதவர்களுக்கானது. சாட்சிகள் பேசப்போவது நீங்கள் தினமும் கேட்கும் கிழக்கு லண்டன் ஆங்கிலம்தான். கஷ்டமானது சட்ட மொழி. அதில் உங்களுக்குத் துணை நிறையப் பேர் இருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பேராசிரியர் செரில் தாமஸ் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நீதிபதி வாயால் சொன்ன சட்ட விளக்கத்தை அவர் சொன்ன சொற்களிலேயே முழுமையாகப் புரிந்துகொண்ட ஜூரர்கள் 31 சதவீதம்தான். அதையே சுருக்கி எழுத்தில் கொடுத்தபோது 48 சதவீதமானது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இப்போது பல நீதிபதிகள் “இதற்கு ஆம் என்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள், இல்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள்” என்ற முறையில் கேள்விகளை வரிசையாகத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். புரியாத சொல் வந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீதிமன்றப் பணியாளரிடம் கொடுக்கலாம். அது நீதிபதியிடம் போகும். கேள்வி கேட்டதற்காக அங்கே யாரும் சிரிப்பதில்லை.

அந்த இரண்டு வாரம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தராததால்தான் பயம் பெரிதாகிறது. என் அனுபவத்தையும் போய் வந்த பலர் சொன்னதையும் வைத்துச் சொல்கிறேன். பெரும்பகுதி காத்திருப்பு. விமான நிலையம்போலப் பையைச் சோதித்து உள்ளே விடுவார்கள். அடையாள ஆவணத்தைப் பார்ப்பார்கள், ஒரு விளக்கப் படம் காட்டுவார்கள். பிறகு ஒரு பெரிய அறையில் உட்கார வேண்டும். நான் இருந்த அறையில் பஸ் ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஆசிரியை, கழுத்துவரை பச்சை குத்திய இளைஞர், குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடிவந்த தாய் என்று எல்லோரும் இருந்தார்கள். லண்டனில் வேறு எந்த அறையிலும் இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பேச்சுக் கொடுத்தால் ஒவ்வொருவரும் “எனக்கு இதற்கெல்லாம் தகுதி இல்லை” என்றுதான் தொடங்கினார்கள். வழக்கறிஞர் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு எளிது” என்றார்கள். உண்மையில் எனக்குத்தான் கஷ்டம். இருபது ஆண்டு நீதிமன்றத்தில் பேசிப் பழகியவள், அங்கே வாயைத் திறக்காமல் மற்றவர் வாதிடுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு வழக்குக்குப் பதினைந்து பேர் அளவில் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர்களில் பன்னிரண்டு பேரை நீதிமன்ற எழுத்தர் சீட்டெடுத்துக் கூப்பிடுவார். முதல்முறை என் பெயர் வரவில்லை, திரும்பிப் போகச் சொன்னார்கள். வேண்டாம் என்று புலம்பிக்கொண்டு வந்த எனக்கே அப்போது ஏமாற்றமாக இருந்தது என்பது வேடிக்கை. பிறகு இன்னொரு வழக்கில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் முறை முடியும்வரை எந்த வழக்கிலும் தேர்வாகாமல், கொண்டுபோன இரண்டு தடித்த நாவல்களையும் படித்து முடித்துவிட்டு வீடு திரும்பினார். இது மிகவும் சாதாரணம். சில வழக்கு பத்து நாளைத் தாண்டும் என்று முன்பே தெரிந்திருக்கும். அப்படியானால் முடியுமா என்று கேட்டுத்தான் எடுப்பார்கள்.

தேர்வானதும் சத்தியப் பிரமாணம். கீதை, பைபிள், குர்ஆன் எல்லாம் வைத்திருப்பார்கள். கடவுள் பெயர் வேண்டாம் என்பவர்கள் உறுதிமொழி வாசிக்கலாம். நல்லூர்க் கந்தன் மேல் சத்தியம் செய்ய ஏற்பாடு இல்லை, கீதையோடு சமாளித்துக்கொள்ளுங்கள். உடைக்குக் கட்டுப்பாடு கிடையாது. சேலை கட்டலாம். ஆனால் அந்தப் பழைய கட்டடங்களில் குளிரும், மேலே போட ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாகக் காலை பத்து மணியளவில் தொடங்கி மாலைக்குள் விட்டுவிடுவார்கள்.

பாவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இந்த வரிதான். ஜூரி யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. தண்டனை நீதிபதியின் வேலை. அதில் உங்கள் கருத்தை யாரும் கேட்க மாட்டார்கள். உங்களிடம் கேட்கப்படுவது ஒன்றுதான்: இந்த அறையில் கேட்ட சாட்சியத்தை வைத்து, இவர் இந்தக் குற்றத்தைச் செய்தார் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிகிறதா? “செய்திருப்பார் போலிருக்கிறது” என்பது போதாது. உறுதி இல்லையென்றால் குற்றவாளி இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய முகம் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், கதை நம்பும்படியாக இல்லாமல் இருக்கலாம். அப்போதும் அதுதான் விதி. நிரூபிக்க வேண்டியவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர். கூண்டில் நிற்பவர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை.

எண்ணிக்கையையும் கவனியுங்கள். பன்னிரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் முதல் எதிர்பார்ப்பு. குறைந்தது இரண்டு மணி நேரமாவது கலந்து பேசிய பிறகும் முடியாவிட்டால்தான், பத்துப் பேராவது ஒத்த கருத்தாக இருந்தால் போதும் என்று நீதிபதி சொல்லலாம். நம்மவர்களுக்கு மறக்க முடியாத ஒரு வழக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்ற ஜூரி ஒன்பது பேர். ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். அந்த ஆறுக்கு மூன்றில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடியும் சென்னைக்குத் திரும்பி, 1947இல்தான் விடுதலை. இன்று ஸ்நேர்ஸ்புரூக்கில் மூன்றில் ஒரு பங்கு ஜூரர்கள் மறுத்தால் யாரையும் தண்டிக்க முடியாது. நீங்கள் பயப்படுகிற அந்தப் பாவத்துக்கு எதிராக இந்த முறை தனக்குத் தெரிந்த அளவு வேலி போட்டு வைத்திருக்கிறது. முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். ஜூரிகளும் தவறியிருக்கிறார்கள்.

கூண்டில் நிற்பது தமிழ்ப் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். அவரை உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. வழக்கு தொடங்குமுன் குற்றம் சாட்டப்பட்டவர், சாட்சிகள் ஆகியோரின் பெயரைச் சொல்வார்கள். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ பழகிய குடும்பம் என்றால் உடனே சொல்லிவிடுங்கள், வேறு வழக்குக்கு அனுப்புவார்கள். முன்பின் தெரியாதவர் என்றால், ஒரே மொழி பேசுவது விலகுவதற்குக் காரணம் ஆகாது. இன்ன இனத்தவர் வேண்டும், வேண்டாம் என்று பார்த்து ஜூரியை அமைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. சாட்சி தமிழில் பேசி, மொழிபெயர்ப்பாளர் தவறாகச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தோன்றினால், பக்கத்தில் இருக்கும் ஜூரரின் காதில் சொல்லாதீர்கள். உடனே எழுதி நீதிபதிக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது அவர் பாடு.

தீர்ப்புக்காக உங்களைப் பிடிப்பார்களா? ஒரு காலத்தில் பிடித்தார்கள். 1670ஆம் ஆண்டில், தடைசெய்யப்பட்ட பிரசங்கம் நடத்தியதாக வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவர் மீது லண்டனில் வழக்கு நடந்தது. நீதிபதிகள் எதிர்பார்த்த தீர்ப்பைச் சொல்ல ஜூரி மறுத்தது. உணவும் தண்ணீரும் நெருப்பும் இல்லாமல் இரவு முழுவதும் பூட்டி வைத்துப் பார்த்தார்கள், மசியவில்லை. அபராதம் போட்டார்கள். கட்ட மறுத்தவர்களைச் சிறையில் அடைத்தார்கள். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரர் சிறையிலிருந்தே எதிர்த்து வழக்காடினார். தலைமை நீதிபதி வாகன், தீர்ப்புக்காக ஒரு ஜூரரைத் தண்டிக்க முடியாது என்று முடிவு சொன்னார். லண்டனின் மத்திய குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லி கட்டடத்துக்குள் அவர்கள் நினைவாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை அதுதான் சட்டம். நீங்கள் சொன்ன தீர்ப்புக்குக் காரணம் கேட்கும் உரிமை நீதிபதிக்குக்கூடக் கிடையாது.

பெயரை வாசித்துக் கூப்பிடலாம், முகவரியை அங்கே வாசிப்பதில்லை. வெளியே யாராவது வந்து வழக்கைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் நீதிமன்ற அதிகாரியிடம் அன்றே சொல்லுங்கள். மிரட்டினால் போலீஸ்.

ஜூரரைச் சிறைக்கு அனுப்பக்கூடியது வேறு ஒன்று, கையில் இருக்கும் தொலைபேசி. 2011ஆம் ஆண்டில் ஒரு ஜூரர், குற்றம் சாட்டப்பட்டிருந்த பெண்ணோடு ஃபேஸ்புக்கில் பேசியதற்காக எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அடுத்த ஆண்டு, லூட்டன் கிரவுன் கோர்ட்டில் ஜூரராக இருந்த ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர் குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி இணையத்தில் தேடி, கிடைத்ததை மற்ற ஜூரர்களிடம் சொன்னார். வழக்கு கலைந்தது. அவருக்கு ஆறு மாதம். படிப்பில்லாத தவறு என்று சொல்ல முடியாது, பாருங்கள். வழக்கு நடக்கும்போது அதைப் பற்றி இணையத்தில் தேடுவதே 2015ஆம் ஆண்டிலிருந்து தனிக் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. சம்பவம் நடந்த தெருவை வரைபடத்தில் பார்ப்பதும் தேடல்தான்.

வீட்டில் என்ன சொல்லலாம்? வழக்கு முடியும்வரை அதைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது. உங்கள் கணவர் கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள். “காத்திருந்தேன், டீ குடித்தேன்” என்று சொல்லுங்கள். வழக்கு முடிந்த பிறகு, எல்லோர் முன்னிலையிலும் நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்லலாம். ஆனால் ஜூரி அறைக்குள் யார் என்ன பேசினார், யார் எந்தப் பக்கம் என்பதை எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்லக்கூடாது. நான் இருந்த வழக்கைப் பற்றி இங்கே ஒரு வரியும் எழுதாமல் காத்திருப்பு அறையோடு நிறுத்திக்கொண்டதைக் கவனித்திருப்பீர்கள்.

இப்போது உங்கள் அண்ணன். இதை எழுத நான் தயங்கினேன். உங்கள் குடும்பம் பட்டதை ஒரு சட்டப் பதிலில் அடக்க முடியாது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1979ஆம் ஆண்டின் அந்தப் பயங்கரவாதத் தடைச் சட்டப்படி வழக்கை நீதிபதி ஜூரி இல்லாமல் விசாரிப்பார். போலீஸ் உயர் அதிகாரி முன்னால் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலமும் சாட்சியமாகும். உங்கள் அண்ணனின் விதியைக் கேட்டு முடிவு செய்ய, அவரைப் போன்ற சாதாரண மனிதர் ஒருவர்கூட அந்த அறையில் உட்காரவில்லை. உங்கள் கை நடுங்குவது அந்த அறையை நினைத்து.

ஜூரி இருந்தாலே நீதி கிடைத்துவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். நீங்களே உடனே ரவிராஜ் வழக்கைச் சொல்வீர்கள். நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடற்படையினர் உள்ளிட்ட ஐந்து பேரையும் சிங்களம் பேசும் ஜூரி 2016 டிசம்பரில் விடுதலை செய்தது. எழுவர் கொண்ட ஜூரியை எந்த மொழி பேசுவோரிலிருந்து எடுப்பது என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே தேர்ந்தெடுக்கலாம் என்பது அங்கே உள்ள முறை. அந்தத் தீர்ப்பு நம்மவர்கள் மனதில் விட்டுப்போன கசப்பு எனக்கும் உண்டு. அந்தக் கசப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பன்னிரண்டு நாற்காலியிலும் யார் உட்கார்கிறார்கள் என்பது முக்கியம். ஸ்நேர்ஸ்புரூக்குக்குக் கிழக்கு லண்டன் வாக்காளர்களைத்தான் அழைப்பார்கள். உங்களைப் போன்றவர்கள் எல்லோரும் கடிதத்தை இழுப்பறைக்குள் போட்டுவிட்டால், மீதி இருப்பவர்களை வைத்து அந்த நாற்காலிகளை நிரப்புவார்கள். கூண்டில் நிற்பவரின் தாய் வெளியே எப்படிக் காத்திருப்பாள் என்று தெரிந்த ஒருவர், சாட்சியத்தை அவசரமில்லாமல் கேட்பார் என்று நான் நம்புகிறேன். ஆகவே, போங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. முன்னே சொல்லாமல் விட்டது அதுதான். அந்த நடுக்கத்துக்காக நீங்கள் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தால், அல்லது கோர்ட்டை நினைத்தால் தூக்கமே வராத அளவுக்கு இருந்தால், உங்கள் குடும்ப டாக்டரிடம் பேசிக் கடிதம் வாங்கிப் படிவத்தோடு அனுப்புங்கள். அது பொய்க் காரணம் இல்லை, மருத்துவக் காரணம். அதில் வெட்கம் வேண்டாம். அந்த அளவு இல்லை என்றால், தேர்வுக்காக நீதிமன்றத்துக்குள் நிற்கும்போது வழக்கு எதைப் பற்றியது என்று ஓரளவு தெரியவரும். காயங்களின் படங்கள், சித்திரவதை, காணாமல் போன பிள்ளை என்று உங்களால் தாங்க முடியாத ஒன்றாக இருந்தால், சத்தியம் செய்வதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள். சத்தியம் செய்த பிறகு சொல்வது எல்லோருக்கும் சிக்கல்.

ஊருக்குப் போகுமுன் இன்னொன்று செய்யலாம். கிரவுன் கோர்ட்டின் பார்வையாளர் மாடம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். கட்டணம் கிடையாது, அனுமதிக் கடிதமும் வேண்டாம். உங்களுக்கு வேலை இல்லாத ஒரு வார நாளில் கணவரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அவர் வருவதும் நல்லது. டிஸ்ட்ரிக்ட் ரயிலில் மைல் எண்டில் இறங்கி, கிழக்கு நோக்கிப் போகும் சென்ட்ரல் ரயிலுக்கு மாறுங்கள். லேட்டன்ஸ்டோனில் பாதை இரண்டாகப் பிரியும், ஆகையால் ஈப்பிங் என்று போட்ட வண்டியில் ஏறுங்கள். நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். எதிரே குளமும் கோபுரங்களுமாக ஒரு பெரிய கட்டடம் தெரியும். விக்டோரியா காலத்தில் அநாதைப் பிள்ளைகளுக்காகக் கட்டியது. இருபது நீதிமன்ற அறைகள் உள்ள இடம் என்பதால் ஏதாவது ஒன்றில் நிச்சயம் வழக்கு நடந்துகொண்டிருக்கும். வாசலில் இருப்பவரிடம், இன்று எந்த அறையில் ஜூரி உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள், சொல்வார்.